மூன்று மணி நேரக் கணக்கில் சேராத சிகிச்சை

பக்கவாதத்தால் தாக்குண்ட ஒருவர் உயிர் தப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவின் இயந்திரங்களிலிருந்து விடுபட்டு, இனி ஆபத்தில்லை என்று வைத்தியர்களும் சொல்லிவிட்ட பிறகு, அவருடைய நெஞ்சில் எழுகிற கேள்விகள் பெரும்பாலும் மருத்துவ நூல்களில் காணப்படாதவை. மறுபடியும் தோட்டத்தில் இறங்கிச் செடிகளுக்குத் தண்ணீர் விட முடியுமா, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தின் பாடற்குழுவில் நிற்க முடியுமா, பழைய சிநேகிதர்களோடு சீட்டாட உட்கார முடியுமா, பேரனை ஆற்றங்கரைக்கு அழைத்துக்கொண்டு போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பன போன்றவை அவை. இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்ட சிகிச்சையாளர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதற்குப் பொழுதுபோக்குச் சிகிச்சை என்று பெயர். அந்நாட்டு முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் உரிய அரசாங்க மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர், 2010-ஆம் ஆண்டு முதல் இந்தச் சிகிச்சையைத் தன் முக்கியமான கணக்கொன்றிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அவ்விலக்கு நீங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சொல்லுமுன், அச்சிகிச்சை இன்னதென்பதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையில் நோயாளியின் சலிப்பைப் போக்குவதற்காகப் பத்திரிகை கொடுப்பதும், வானொலி வைப்பதும், பண்டிகை நாளில் பாட்டுக் கச்சேரி நடத்துவதும் நல்ல காரியங்களே. ஆயினும் அவற்றைச் சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்பவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, 14 வாரங்களுக்குக் குறையாமல், 560 மணி நேரம் மருத்துவமனை போன்ற நிலையங்களில் மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி செய்து, 1981-இல் ஏற்பட்ட தேசியச் சான்றளிப்புக் கழகத்தின் பரீட்சையில் தேறி வருகிறவர். யூட்டா, வட கரோலினா, ஓக்லஹோமா முதலிய சில மாநிலங்களில் இத்தொழிலைச் செய்வதற்கு அரசாங்க உரிமமே வேண்டும். நாடு முழுவதிலும் இத்தொழிலில் உள்ளோர் சுமார் 20,000 பேருக்கு மேற்படமாட்டார்கள். பிஸியோதெரபி செய்வோரோ 2,00,000-க்கும் அதிகமானவர்கள். தொகையில் சிறியதாகிய இக்கூட்டம் சட்டசபைகளின் செவிக்கு எட்டும்படி குரலெழுப்புவது எவ்வளவு சிரமமென்பதை இந்த வித்தியாசமே ஒருவாறு உணர்த்தும்.

அவர்களுடைய வேலை முறை மற்ற வைத்தியத் துறையினரின் முறையைப் போன்றதே. முதலில் நோயாளியைப் பரீட்சித்து, அவருடைய உடலிலும் அறிவிலும் மனத்திலும் எவை குறைந்திருக்கின்றன, எவை எஞ்சியிருக்கின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். நோய்க்கு முன் அவர் எதில் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதையும் கேட்டறிகிறார்கள். அதன்பின் அளந்து பார்க்கத்தக்க ஒரு குறிக்கோளை நிர்ணயித்து, அதை அடைவதற்கேற்ற செயலைத் தேர்ந்தெடுத்து நடத்தி, முன்னேற்றத்தை வைத்தியரின் ஏட்டில் எழுதுகிறார்கள்.

உதாரணமாக, பென்சில்வேனியாவின் சிற்றூர் ஒன்றில் ஆயுட்காலம் முழுதும் தூண்டில் போட்டு மகிழ்ந்த முதியவர் ஒருவருக்கு மூளையின் வலப்பக்கத்தில் பக்கவாதம் ஏற்பட்டு, இடக்கை தொங்கிப்போனதோடு, இடப்புறத்தில் இருக்கும் பொருள்களைக் கவனிக்கும் சக்தியும் குன்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கண் பழுதுபடாதிருந்தும், தட்டில் இடப்பக்கத்துச் சோற்றை அவர் உண்ணாமலே எழுந்துவிடுவார். வாயிற்படியின் இடது நிலையில் மோதிக்கொள்வார். இவரைப் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் ஒரு மேசையின்முன் உட்காரவைத்துச் சீட்டாடுகிறார். ஒரு கையால் பிடிக்க வேண்டிய அவசியமில்லாதபடி சீட்டுகள் மரத்தாங்கியில் செருகப்பட்டிருக்கின்றன. ஆட்டத்துக்கு வேண்டிய சீட்டுகளோ வேண்டுமென்றே இடப்பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஜெயிக்க வேண்டுமானால் தலையைத் திருப்பி இடப்புறம் தேடியாக வேண்டும். வெறும் பயிற்சியாக, "இடது பக்கம் பாருங்கள், இடது பக்கம் பாருங்கள்" என்று நூறு தடவை சொன்னாலும் சலிப்புறுகிற அந்த மனம், ஆட்டத்தின் ஆவலில் தானாகவே அப்பக்கம் செல்லக் கற்றுக்கொள்கிறது. சில நாள் கழித்து அவர் எழுந்து நின்று, இடுப்பில் கட்டிய பட்டையில் தூண்டிற்கோலை நிறுத்தி, வலக்கையால் நரம்பைச் சுழற்றி எறிந்து பழகுகிறார். கோலை வீசும்போது உடல் ஒரு புறம் சாய்வதும், சாய்ந்த உடலைக் கால்கள் தாங்கி நிமிர்த்துவதும், பிஸியோதெரபிக் கூடத்தில் கற்ற நிற்கும் பயிற்சியின் தொடர்ச்சியேயாகும். ஆனால் இங்கே அவர் நிற்பதற்காக நிற்கவில்லை. மீன் பிடிப்பதற்காக நிற்கிறார். ஆகையால் களைப்பை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் நெடுநேரம் நிற்கிறார்.

இச்சிகிச்சையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது, நோயாளியை மருத்துவமனைக்கு வெளியே அழைத்துச் செல்லும் பயிற்சி. சக்கர நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்த ஒருவர், வழுவழுப்பான மருத்துவமனைத் தளத்தில் எவ்வளவு லாகவமாக அதை ஓட்டக் கற்றுக்கொண்டாலும், கடைத்தெருவுக்குச் செல்லும்போது வேறோர் உலகத்தைச் சந்திக்கிறார். நடைபாதையின் விளிம்பு, கனத்த கதவு, உயரத்திலுள்ள அலமாரி, குறுகிய கழிவறை ஆகிய யாவும் அங்கே தடைகளாக நிற்கின்றன. அவற்றைக் காட்டிலும் பெரிய தடை, தம்மைத் திரும்பிப் பார்க்கும் அந்நியரின் கண்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் கால்கள் இயலாததனால் மட்டுமல்லாமல் இந்தக் கூச்சத்தினாலும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள். சிகிச்சையாளர் அவரைக் கடைக்கும், உணவு விடுதிக்கும், பஸ்ஸுக்கும் அழைத்துச் சென்று, கதவைத் தாமே திறந்துவிடாமல் அவரையே திறக்கச் செய்து, கடைக்காரரிடம் அவரையே பேசச் செய்து, சில்லறையை எண்ணி வாங்கும்போது ஞாபகம் தவறுகிறதா என்று கவனித்துத் திரும்ப அழைத்து வருகிறார். இதைக் கேளிக்கைப் பயணமென்று எண்ணுவோர், அப்படிப் போய்வந்த ஒருவருடைய முகத்தைப் பார்த்ததில்லை என்றே நான் நினைக்கிறேன்.

பொழுதுபோக்கை வைத்தியத்தின் அங்கமாகக் கொள்ளும் கருத்து புதியதன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியர் நூலில், ஒரே சுவரையும் ஒரே கூரையையும் பார்த்துக்கொண்டு கிடக்கும் நோயாளிக்கு வண்ணங்களும் பூக்களும் பார்வைக்கு மாறுதலும் அவசியமென்றும், நெடுநாள் நோயாளிக்குச் சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணையாகும் என்றும் வலியுறுத்தியிருக்கிறார். முதல் உலக யுத்தத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் ராணுவ மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களுக்காகப் பொழுதுபோக்குக் கொட்டகைகள் அமைத்தார்கள். இரண்டாம் யுத்தகாலத்தில், மிசௌரி மாநிலத்து ஜெபர்சன் பாரக்ஸ் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய ஹோவர்ட் ரஸ்க் என்ற வைத்தியர், நோய் தணிந்தபின் படுக்கையில் சும்மா கிடக்கும் வீரர்கள் சோர்ந்து பலவீனமடைவதைக் கண்டு, அவர்களுக்கு உடற்பயிற்சியும் வகுப்புகளும் ஏற்படுத்தினார். யுத்தம் முடிந்தபின் நியூயார்க்கில் அவர் நிறுவிய புனர்வாழ்வு நிலையம் உலகெங்கிலுமிருந்து மாணவர்களை ஈர்த்தது. 1954-இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், ரஸ்க் நிறுவிய அந்நிலையத்தில் பயின்று திரும்பியவர்தாம். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் தோன்றியது. அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் முளைத்த எண்ணம் இவ்வாறு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

எனினும் இவ்வரலாற்றில் நின்று நோக்கத்தக்க இடம், இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களை அக்காலத்தில் வைத்தியர்கள் பெரும்பாலும் கைவிட்டே இருந்தனர். படுக்கைப் புண்ணினாலும் சிறுநீரக நோயினாலும் அவர்கள் சீக்கிரத்தில் இறந்துவிடுவதே வழக்கமாக இருந்தது. நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் ஜெர்மனியிலிருந்து அடைக்கலம் புகுந்த லுட்விக் குட்மான் என்ற யூத நரம்பியல் நிபுணரிடம், 1944-இல் அங்கே புதிதாக ஏற்பட்ட முதுகுத்தண்டுப் பிரிவு ஒப்படைக்கப்பட்டது. அவர் புண்களை ஆற்றினார். இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தார். அத்துடன் நில்லாமல், அவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் போலோ ஆடச் செய்தார், அம்பெய்யச் செய்தார். அம்பெய்வது வலுவிழந்த நடுவுடலை நிமிர்த்தி, தோள்களையும் கைகளையும் உரப்படுத்தும் பயிற்சி என்பது அவருடைய கணக்கு. 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுகள் ஆரம்பமான அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் 16 நோயாளிகள் வில்லேந்திப் போட்டியிட்டார்கள். 12 ஆண்டுகளில், 1960-இல், ரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து சுமார் 400 பேர் கலந்துகொண்ட விளையாட்டு விழாவாக அது வளர்ந்தது. இன்று நாம் பாராலிம்பிக் என்றழைப்பது அதைத்தான். உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்டு வியக்கும் அவ்விழா ஒரு வைத்தியரின் மருந்துச் சீட்டிலிருந்து பிறந்ததென்பதைப் பலர் அறியார்.

இனி மெடிகேரின் விதிக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன், மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டென்ஸ் நகரில், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையெழுத்திட்ட சட்டத்தினால் ஏற்பட்டது இந்தக் காப்பீடு. முதலில் 65 வயது கடந்தவர்களுக்கென்று அமைந்து, 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நெடுநாள் ஊனமுற்ற இளையோருக்கும் விரிந்த அது, இன்று ஆறரைக் கோடிக்கும் மேற்பட்டோரைக் காக்கிறது. பக்கவாதம், மூளைக் காயம், முதுகுத்தண்டுக் காயம் முதலியவற்றால் பாதிக்கப்பட்டோரைச் சேர்த்துத் தீவிரப் பயிற்சி அளிக்கும் புனர்வாழ்வு மருத்துவமனைகள் அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. சாதாரண முதியோர் இல்லத்தைக் காட்டிலும் அங்கே செலவு அதிகம். ஆதலால், உண்மையாகவே தீவிரப் பயிற்சி தேவைப்படுகிறவர்களுக்குத்தான் பணம் தரலாம் என்று மெடிகேர் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நோயாளி நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாக வாரத்தில் ஐந்து நாள், அல்லது தக்க காரணமிருந்தால் வாரத்துக்கு மொத்தம் 15 மணி நேரம், சிகிச்சைப் பயிற்சி பெற வேண்டும். மருத்துவமனை ஊழியர்கள் இதை மூன்று மணி நேர விதி என்றே வழங்குகிறார்கள்.

அரசாங்கப் பணம் விரயமாகாமல் காப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டியதுதான். அந்த மூன்று மணிக்குள் எது சேரும், எது சேராது என்பதில்தான் வழக்கு. 1985-இல் வெளியான பழைய ஏற்பாட்டின்படி பிஸியோதெரபியும் அன்றாடச் செயற்பயிற்சியாகிய ஆக்குபேஷனல் தெரபியும் பிரதானமாக இருந்தன. அவற்றோடு, குறிப்பிட்ட நோயாளிக்கு முக்கியமாகத் தேவையென்று வைத்தியரும் அவருடைய குழுவினரும் கருதும் பிற சிகிச்சைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள இடமிருந்தது. பொழுதுபோக்குச் சிகிச்சை அந்த வழியாகவே உள்ளே வந்துகொண்டிருந்தது. 2010-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்த புதிய விதி அந்த வாயிலை அடைத்துவிட்டது. பிஸியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுச் சிகிச்சை, செயற்கை அவயவங்களும் தாங்கிகளும் பொருத்திப் பழக்குதல் என்னும் நான்கு மட்டுமே இப்போது கணக்கில் சேரும். பொழுதுபோக்குச் சிகிச்சையை யாரும் தடை செய்யவில்லை. வைத்தியர் விரும்பினால் அதை மூன்று மணிக்கு மேற்பட்டுக் கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது மெடிகேர்.

மேற்பட்டுக் கொடுக்கலாம் என்னும் இந்தச் சலுகை காகிதத்தில் தாராளமாகத் தோன்றினாலும் நடைமுறையில் என்ன ஆகிறதென்று யோசித்துப் பார்க்க வேண்டும். எழுபது எண்பது வயதில், மூளையில் காயம்பட்டு, தூக்கமும் பசியும் குன்றிய ஒருவர் மூன்று மணி நேரம் உடலை வருத்திப் பயிற்சி செய்தபின் நான்காம் மணிக்கு அவரிடம் எஞ்சியிருக்கும் வலு எவ்வளவு? அவர் களைத்துப் படுத்துவிடுகிறார். மருத்துவமனை நிர்வாகியோ, கணக்கில் ஏறாத மணி நேரத்துக்காக ஒரு சிகிச்சையாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று யோசிக்கிறார். செலவைக் குறைக்க வேண்டிய வருஷத்தில் முதலில் நீங்கும் உத்தியோகம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு நோயாளிக்கு மற்றப் பயிற்சிகளைவிடப் பொழுதுபோக்குச் சிகிச்சையின் ஒரு மணியே அதிகப் பிரயோஜனம் தரும் என்று அவருடைய வைத்தியர் மனப்பூர்வமாக நம்பினாலும், அந்த ஒரு மணியை அவர் மூன்று மணிக்குள் மாற்றி வைக்க முடியாது. நோயாளியைக் கண்ணால் கண்டு, நாடி பார்த்து, குடும்பத்தாரோடு பேசி அறிந்த வைத்தியரின் தீர்மானத்தை, அவரை ஒருபோதும் கண்டிராத ஒரு பட்டியல் மறுத்துவிடுகிறது. இந்த விதியில் என் மனத்துக்குச் சற்றும் ஒவ்வாத அம்சம் இதுவே.

விதியை ஆதரிப்போர் கூறும் ஆட்சேபங்களையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்பது கடமை. அவற்றில் வலுவானது, இச்சிகிச்சையின் பலன் போதிய அளவு நிரூபிக்கப்பட்டிருக்கிறதா என்பது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் 466 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்தி 2001-இல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியொன்றில், வீட்டுக்குச் சென்றவர்களுக்குப் பொழுதுபோக்குப் பயிற்சி அளித்ததனால் அவர்களுடைய மனநிலையிலோ செயல் திறனிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. அந்த முடிவை மறைப்பது இச்சிகிச்சைக்குச் செய்யும் உபகாரமாகாது. ஆனால் அந்த ஆராய்ச்சியிலேயே வழக்கமான ஆக்குபேஷனல் தெரபி பெற்ற குழுவினருக்கும் அவ்வாறே பெரிய அனுகூலம் தெரியவில்லை என்பதையும் கூறித்தான் ஆக வேண்டும். அதைக் காரணங்காட்டி யாரும் ஆக்குபேஷனல் தெரபியைக் கணக்கிலிருந்து நீக்கவில்லை. நீக்கச் சொல்வதும் தவறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 62 பேரைக்கொண்டு நடத்தி 2007-இல் வெளியான பரிசோதனையிலோ, வீட்டுக்கே சென்று பொழுதுபோக்கைக் கற்பித்த சிகிச்சையினால் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன, வாழ்க்கையின் ஓய்வு வேளைகளில் திருப்தி கூடியது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கிறது என்பதையும், சோர்ந்த மனம் எந்தப் பயிற்சிக்கும் ஒத்துழைப்பதில்லை என்பதையும் நினைத்தால், இந்தச் சிறிய பலனின் பெருமதிப்பு விளங்கும்.

2016-இல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி எனக்கு மிக ரசமானதாகத் தோன்றுகிறது. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 141 பக்கவாத நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வீ என்ற கணினி விளையாட்டுக் கருவியில் கையசைத்து ஆடச் செய்தார்கள்; மற்றவர்களைச் சீட்டாட்டம், டாமினோ, மரக்கட்டை அடுக்கல், பந்து போன்ற எளிய விளையாட்டுகளில் ஈடுபடுத்தினார்கள். புதிய கருவி பழைய விளையாட்டை வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். வெல்லவில்லை, கையின் இயக்கம் இரு பிரிவினருக்கும் ஒத்த அளவில் முன்னேறியது. சில ரூபாய் விலையுள்ள ஒரு சீட்டுக்கட்டு, தேர்ந்தவர் கையில் இருக்குமானால், விலை மிகுந்த யந்திரத்துக்கு ஈடாகக் கூடும் என்று இதிலிருந்து நான் அறிகிறேன். இன்னும் பெரிய ஆராய்ச்சிகள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கில் சேராத சிகிச்சை மருத்துவமனைகளில் மெல்லத் தேய்ந்துபோகுமானால், அதை ஆராய்வதற்கு நோயாளிகளும் கிடைக்கமாட்டார்கள், சிகிச்சையாளர்களும் கிடைக்கமாட்டார்கள். ஆதாரம் போதாதென்று விலக்குவதும், விலக்கியதனால் ஆதாரம் சேராமற்போவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

செலவு பெருகிவிடும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது இவ்விஷயத்தில் பொருந்தாது. 2002-ஆம் ஆண்டு முதல் மெடிகேர் புனர்வாழ்வு மருத்துவமனைகளுக்கு மணிக்கணக்கில் பணம் கொடுப்பதில்லை. நோயாளியின் வியாதியையும் நிலைமையையும் வகைப்படுத்தி, ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று மொத்தமாக முன்கூட்டியே நிர்ணயித்த தொகையைத் தருகிறது. மூன்று மணி நேரத்தை எந்தச் சிகிச்சைகளால் நிரப்பினாலும் அரசாங்கம் கொடுக்கும் தொகை ஒன்றே. பட்டியலில் இன்னொரு சிகிச்சையைச் சேர்ப்பதனால் கஜானாவிலிருந்து நேராக ஒரு டாலரும் அதிகமாகப் போவதில்லை.

அன்றியும், அமெரிக்க அரசாங்கம் இச்சிகிச்சையை அறியாததன்று. போர்வீரர்களுக்காக அதே அரசாங்கம் நேரடியாக நடத்தும் மருத்துவமனைகளில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்கள் சம்பளம் பெற்றுப் பணியாற்றுகிறார்கள்; 1981 முதல் சக்கர நாற்காலி வீரர்களுக்கான தேசிய விளையாட்டுகளும், 1987 முதல் கொலராடோ மலைகளில் ஊனமுற்ற வீரர்களுக்கான பனிச்சறுக்கு முகாமும் போர்வீரர் நல இலாகாவின் ஆதரவில் நடைபெற்று வருகின்றன. ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்காக 1975-இல் இயற்றிய சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், கல்விக்குத் துணையான சேவைகளின் வரிசையில் பொழுதுபோக்குச் சிகிச்சைக்கு இடமளித்திருக்கின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டமோ முதியோர் இல்லங்கள் ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஒருவரின் பொறுப்பில் செயற்பாடுகளை நடத்த வேண்டுமென்று விதிக்கிறது. அந்தத் தகுதியுள்ளோரில் பொழுதுபோக்குச் சிகிச்சையாளரும் ஒருவர். காலிழந்த போர்வீரனுக்கும், ஊனமுற்ற குழந்தைக்கும், முதியோர் இல்லத்துக் கிழவிக்கும் ஏற்றதென்று கண்ட ஒன்றைப் பக்கவாதம் கண்ட ஆசிரியருக்கோ விவசாயிக்கோ மட்டும் கணக்கில் சேர்க்க மறுப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

இந்தக் குறையை நீக்குவதற்கு அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் மசோதா ஒன்று பலமுறை கொண்டுவரப்பட்டிருக்கிறது. அதை முன்னின்று நடத்துபவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த கிளென் தாம்சன். 2008-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று சபைக்கு வருவதற்குமுன் பல்லாண்டுக்காலம் இதே பொழுதுபோக்குச் சிகிச்சைத் தொழிலில் இருந்தவர். நோயாளியின் அருகிலிருந்து இச்சிகிச்சையின் பலனைக் கண்ட ஒருவர் சட்டம் இயற்றும் இடத்தில் இருப்பது அபூர்வமான சந்தர்ப்பமே. அவர் குடியரசுக் கட்சிக்காரர்; ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களும் அவரோடு சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்கள். இருந்தும் மசோதா ஒவ்வொரு சபையின் ஆயுளோடும் முடிந்து, அடுத்த சபையில் மறுபடியும் பிறக்க வேண்டியதாயிருக்கிறது. பெரிய சண்டைகளின் இரைச்சலில், யாருக்கும் விரோதமில்லாத சிறிய மசோதாக்களுக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இதற்கிடையில் ஒன்று நிகழ்ந்தது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, மருத்துவமனைகளின் நெருக்கடியைத் தணிப்பதற்காக அந்நாட்டுச் சட்டசபையாகிய காங்கிரஸ் இயற்றிய சட்டம் மூன்று மணி நேர விதியையே தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெருக்கடி நிலை முடியும்வரை அது நீடித்தது. அந்த மூன்றாண்டுகளில் நோயாளிக்கு எந்தப் பயிற்சி எவ்வளவு என்பதை வைத்தியர்களே தீர்மானித்தார்கள். தேவை வந்தபோது விதியை வைத்தியரின் அறிவுக்கு விட்டுக்கொடுக்க அரசாங்கத்தால் முடிந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

மருத்துவமனையோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதும் இல்லை. அங்கே ஒரு நோயாளி தங்குவது சராசரியாக இரண்டு வாரங்களுக்கும் குறைவு. வீடு திரும்பியபின் வரும் மாதங்களில்தான் தனிமையும் சோர்வும் பிடிக்கின்றன. வெளிநோயாளிகளுக்கு மெடிகேர் பணம் தரும் தனிச் சிகிச்சைகளின் வரிசையில் பொழுதுபோக்குச் சிகிச்சை இடம் பெறவில்லை. அதற்கும் இடம் வேண்டும் என்பதே என் விருப்பம். அதற்குமுன் எல்லா மாநிலங்களிலும் உரிமச் சட்டம் ஏற்பட வேண்டும், சிகிச்சையாளர்களின் தொகை பெருக வேண்டும்; அது நீண்ட பாதை.

மூன்று மணி நேரப் பட்டியலைத் திருத்துவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, காங்கிரஸின் தயவும் அவசியமில்லை. மெடிகேரை நிர்வகிக்கும் இலாகா வகுத்த விதி அது. அதை அந்த இலாகாவே திருத்தலாம். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் அவ்விலாகா புனர்வாழ்வு மருத்துவமனைகளுக்குரிய புதிய விதிகளின் நகலை வெளியிட்டு, பொதுமக்களின் அபிப்பிராயங்களைக் கேட்டு, கோடையின் இறுதிக்குள் முடிவு செய்து, அக்டோபர் முதல் தேதி அமலுக்குக் கொண்டுவருகிறது. பொழுதுபோக்குச் சிகிச்சையாளர்களும், அவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், தாம் கண்டதைக் கண்டவாறு அந்த இலாகாவுக்கு எழுதலாம். எழுதியதைப் படித்துப் பதில் சொல்ல அவ்விலாகா சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை. நான்கு சிகிச்சைகளை எண்ணி நிறுத்திவிட்ட அந்த வாக்கியத்தின் முடிவில், நோயாளியின் வைத்தியர் அவசியமெனக் கருதி எழுதிக்கொடுக்கும் பொழுதுபோக்குச் சிகிச்சையும் சேரும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.